50 கிலோமீட்டருக்கு 300க்கு மேல், 500 கிலோமீட்டருக்கு 200: இது எந்த ஊர்க் கணக்குங்க?

நொய்யல்கரை (திருப்பூர்)
செவ்வாய், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கமுங்க. சண்டை பிடிக்க வரவில்லை. ஒரு கணக்கு புரியவில்லை, கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன். பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான். ஐந்து ரூபாய் இடித்தாலும் தூக்கம் வராது.

போன வாரம் அம்மாவுக்குக் கோயமுத்தூரில் கண்புரை ஆபரேசன். மறுநாள் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பிவிட்டார்கள். கூட்டத்தில் யார் முழங்கையாவது கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்து வந்தே பாரத் ரயிலில் ஏசி சேர் கார் (உட்கார்ந்து போகிற ஏசி பெட்டி) டிக்கெட் எடுத்தேன். கோவையிலிருந்து திருப்பூர், 50 கிலோமீட்டர். ஆளுக்கு 300 ரூபாய்க்கு மேல். அம்மா செருப்பைக் கழற்றிக் காலை மடக்கி உட்காருவதற்குள் ஊர் வந்துவிட்டது.

அதே வாரம் என் தம்பி கோவை எக்ஸ்பிரஸில் சென்னை போனான். ரிசர்வ் செய்த இரண்டாம் வகுப்பு இருக்கை. தூரம் 500க்குச் சில கிலோமீட்டர்தான் குறைவு. அவனுக்கு ஆனது 200 ரூபாய் சுமார். "நீ திருப்பூர் போன காசில் நான் சென்னை போய்ச் சேர்ந்து, சாவகாசமாகச் சாப்பிட்டு, ஆட்டோவும் பிடிப்பேன்" என்று நக்கல் வேறு.

எங்கள் ஊரில் கட்பீஸ் மலிவு, முழுத் துணி விலை கூட. ரயிலில் மட்டும் எப்படிங்க கட்பீஸுக்கு விலை ஏறுகிறது?

சீசன்டிக்கெட் (ஈரோடு)
செவ்வாய், இரவு 9.41

அக்கா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆட்டையும் மாட்டையும் ஒரே தராசில் நிறுத்துகிறீர்கள். நீங்கள் போனது ஏசி, தம்பி போனது மின்விசிறி. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் உங்கள் கேள்வியில் நியாயம் மிச்சம் இருக்கிறது.

ஒவ்வொரு வகுப்புக்கும் "இதற்குக் குறைந்து கணக்குப் போட மாட்டோம்" என்று ஒரு தூரம் வைத்திருக்கிறார்கள். ஏசி சேர் காருக்கு 150 கிலோமீட்டர். படுக்கை வகுப்புக்கு 200. மூன்றடுக்கு ஏசிக்கு 300. ஆக நீங்கள் போனது 50, காசு கொடுத்தது 150க்கு. கோவையில் ஏறித் திருப்பூரில் இறங்கினாலும் ஈரோட்டில் இறங்கினாலும் சேர் காரில் ஒரே கட்டணம். சேலம் 160 கிலோமீட்டர் என்பதால் அங்கே போகிறவருக்கும் பெரிதாக ஏறாது.

அப்புறம் தூரத்துக்குச் சம்பந்தமே இல்லாத சில்லறைகள். சேர் காரில் ரிசர்வேசன் கட்டணம் 40, சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் 45. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் முன்பே 85 ரூபாய் போயாயிற்று. ஏசி என்பதால் மேலே 5 சதவீதம் ஜிஎஸ்டி. சென்னை போகிறவருக்கும் அதே 85தான். 500 கிலோமீட்டரில் அது கரைந்துவிடும், 50இல் உறுத்தும்.

அதே 50 கிலோமீட்டருக்குப் பாசஞ்சரில் 15 ரூபாய் சுமார்தான். எக்ஸ்பிரஸில் ரிசர்வ் செய்யாமல் ஏறினால் 30 சொச்சம், சூப்பர்ஃபாஸ்டாக இருந்தால் அதன்மேல் ஒரு 15. நான் இருபது வருடமாக ஈரோடு–கோவை சீசன்காரன். எனக்கு ஒரு நாளைக்கு ஆகிற காசைச் சொன்னால் கண் வைப்பீர்கள், சொல்ல மாட்டேன்.

நொய்யல்கரை
செவ்வாய், இரவு 9.58

சரி, 150க்குக் காசு வாங்கினார்கள் என்பது புரிந்தது. ஆனால் அந்த 150 எங்கிருந்து வந்தது? நான் கேட்டது ஒரு மீட்டர் துணி, பில் போட்டது மூன்று மீட்டருக்கு. கடையில் இப்படிச் செய்தால் தெருவே கூடிவிடாதா?

டிக்கெட்_கவுண்டர் (கோவை)
புதன், காலை 6.20

அம்மிணி, பேரைப் பார்த்து யாரும் சொந்தம் கொண்டாட வேண்டாம். இது ஜாதிக் கவுண்டர் இல்லை, ஜன்னல் கவுண்டர். முப்பத்திச் சொச்சம் வருடம் அந்தக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்தவன். இப்போது ஓய்வு. காலையில் பால் வாங்கி வைத்துவிட்டு இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கட்பீஸ் என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் விசயமே இருக்கிறது. கட்பீஸ் மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் வாங்கியது கட்பீஸ் இல்லை. புதுத் துணியை நடுவில் வெட்டச் சொல்லி வாங்கியிருக்கிறீர்கள். கட்பீஸ் மிஞ்சியது ரயில்வேக்கு.

இரவு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சேரன் எக்ஸ்பிரஸ். கோவையில் இரவு 11 மணி வாக்கில் கிளம்புகிறது. ஒருவர் படுக்கை வகுப்பில் ஈரோடு வரை கேட்கிறார், 100 கிலோமீட்டர். கொடுத்துவிட்டேன். நள்ளிரவு தாண்டி அவர் ஈரோட்டில் இறங்கிவிடுவார். அந்தப் படுக்கைக்கு இன்னும் சென்னை வரை கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் ஓட்டம் பாக்கி. அதை ஈரோட்டில் ஏறுகிற ஒருவருக்கு விற்க வேண்டும். விற்றால் சரி. விற்காவிட்டால் விடியும்வரை காலியாகத்தான் போகும். ஈரோட்டுக்காரருக்குப் படுக்கை கொடுத்துவிட்டேன் என்பதற்காகச் சென்னைக்குக் கேட்ட ஒருவரை வெயிட்டிங் லிஸ்டில் தள்ளியும் இருப்பேன்.

ஜவுளிக் கடையில் பாருங்கள், சட்டைத் துணி ரோலின் கடைசியில் ஒன்றே கால் மீட்டர் நிற்கிற மாதிரி வெட்டச் சொன்னால் கடைக்காரர் முகம் கோணும். "முழுசா எடுத்துக்குங்க, விலை போட்டுத் தர்றேன்" என்பார். அந்த முகக்கோணலுக்குத்தான் ரயில்வேயில் குறைந்தபட்சத் தூரம் என்று பெயர்.

இன்னொன்று. தூரம் கூடக் கூடக் கிலோமீட்டர் வீதம் குறைந்துகொண்டே போகும்படித்தான் கட்டண அட்டவணையே போடப்பட்டிருக்கிறது. முதல் 100 கிலோமீட்டருக்குக் கொடுப்பதைப் போல ஐந்து மடங்கு 500க்கு ஆகாது. பத்து வருடம் அந்த அட்டவணையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியவன் சொல்கிறேன்.

கடைசி நேர டிக்கெட்டான தத்கலைப் பற்றி யாரும் பேசவில்லையே? அதில் படுக்கைக்கும் ஏசி படுக்கைக்கும் குறைந்தபட்சக் கணக்குத் தூரம் 500. கோவையிலிருந்து சேலத்துக்குத் தத்கல் எடுக்கிறவர் ஏறக்குறைய சென்னைக்குக் காசு கட்டிவிட்டுப் பாதியில் இறங்குகிறார். ஜன்னலில் இதைச் சொன்னால் "என்னங்க கொள்ளையா?" என்று என்னைத்தான் கேட்பார்கள். விதி போட்டது நானா?

சந்தேகப்பிராணி (கரூர்)
புதன், காலை 8.05

பெரியவர் அழகாகப் பேசுகிறார், ஆனால் கதையில் பாதியை விட்டுவிட்டார்.

வந்தே பாரத்தில் திருப்பூரில் அந்த அக்கா எழுந்ததும் அதே இருக்கையில் திருப்பூரிலிருந்து சேலம் போகிறவர் உட்காருகிறார் என்று வையுங்கள். அவருக்கும் 110 கிலோமீட்டர்தான், அவரிடமும் 150க்குத்தான் காசு. ஓடியது 160, வசூலானது 300 கிலோமீட்டருக்கு. கட்பீஸ் நஷ்டம் என்று சொல்லி முழுத் துணி விலை வாங்கினார்கள், அப்புறம் அந்தக் கட்பீஸையும் முழுத் துணி விலைக்கே விற்றார்கள். இதை எந்த ஜவுளிக் கடையில் பார்த்தீர்கள்?

டிக்கெட்_கவுண்டர்
புதன், காலை 8.40

தம்பி பிடித்தது சரியான இடம். ஒப்புக்கொள்கிறேன். இருக்கை மறுபடி விற்றுப்போகிற நாளில் அது இரட்டை வசூல்தான்.

ஆனால் எத்தனை நாள் விற்கிறது என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் வித்தியாசம். ரிசர்வேசன் சார்ட் என்பது காகிதமாக, பெட்டியின் வாசலில் பசை தடவி ஒட்டிய காலத்தில் நான் அதைத் தினமும் பார்த்தவன். ஈரோடு வரை பெயர் இருக்கும், அதற்கப்புறம் வெள்ளையாகக் கிடக்கும். பக்கத்துப் பெட்டியில் சேலம் வரை வெள்ளை, அப்புறம் ஒரு பெயர். இரண்டையும் ஒட்டவைத்தால் ஒரு முழுப் படுக்கை. ஆனால் சென்னை போகிறவர் நடுராத்திரி பெட்டி மாறிப் படுப்பாரா? இப்போது டிக்கெட் பரிசோதகர் கையில் கருவி இருக்கிறது, காலி இடம் அடுத்த ஊருக்குத் தெரிகிறது. அன்றைக்கு அதெல்லாம் இல்லை. விதி அந்தக் காலத்துக்காரர்கள் புத்தியில் ஊறியது.

ரிட்டன்லோடு (சங்ககிரி)
புதன், மதியம் 1.15

சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். லாரிக்காரனைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பேன். கிட்ட லோடுதான் ஆளைக் கொல்லும்.

என் மூன்று வண்டியில் ஒன்றுக்கு இரண்டு மாதம் முன்னால் சங்ககிரியிலிருந்து பெருந்துறைப் பக்கம் ஒரு லோடு வந்தது. ஒரு மணி நேர ஓட்டம்கூட இல்லை. காலை 7 மணிக்கு வண்டியை நிறுத்தினோம். ஆள் வரவில்லை. 11 மணிக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். அப்புறம் எடைமேடையில் வரிசை, பில்லில் ஒரு எண் தப்பு, திருத்தி வாங்க ஒன்றரை மணி நேரம். போய்ச் சேர்ந்தால் குடோன் பூட்டு. "காலையில வாங்க" என்றார் வாட்ச்மேன். டிரைவர் தார்ப்பாய்க்கு அடியிலேயே படுத்தான். மறுநாள் மதியம் இறக்கி முடிந்தது. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டிரைவர் பேட்டா இரண்டு நாளுக்கு. டீசல் மட்டும் கொஞ்சம். திரும்பி வரும்போது காலி வண்டி.

இதுவே நாசிக் பக்கம் ஒரு லோடு என்றால் ஏற்ற ஒரு நாள், இறக்க ஒரு நாள்தான். நடுவில் சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடினால்தான் வண்டிக்குச் சோறு. திரும்பும்போது வெங்காயம் கிடைத்தால் இரண்டு பக்கமும் வாடகை. அதனால் தூர லோடுக்குக் கிலோமீட்டர் வாடகையைக் குறைத்துப் பேசலாம், கட்டும். கிட்ட லோடுக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது, "வண்டிக்கு இவ்வளவு" என்று மொத்தமாகப் பேசுவோம். நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை கொண்டு போகிற வண்டி காலி அட்டையோடு திரும்புகிறது. அந்தத் திரும்பல் செலவும் முட்டை வாடகையில்தான் உட்கார்ந்திருக்கும்.

ரயிலும் அதேதான் செய்கிறது. பெயர் மட்டும் வேறு.

ஆழியார் (பொள்ளாச்சி)
புதன், மதியம் 1.50

கட்டணம் கிடக்கட்டும், பொள்ளாச்சிக்கு ரயிலே போதவில்லையே, அதைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

நெறியாளர்
புதன், மதியம் 2.02

ஆழியார், அதற்குத் தனி இழை இருக்கிறது, அதுவும் நீங்கள் ஆரம்பித்ததுதான்.

சந்தேகப்பிராணி
புதன், மாலை 6.30

லாரிக்கார அண்ணா, உங்கள் வண்டி பிடிக்காவிட்டால் பக்கத்து புக்கிங் ஆபீஸில் இன்னொரு வண்டி கிடைக்கும். ரயில் ஒன்றுதான். போட்டி இல்லாத இடத்தில் "எனக்கு இவ்வளவு செலவு" என்று சொன்னால் யார் சரிபார்ப்பது? சென்னை போகிறவருக்கு ஆம்னி பஸ் இருக்கிறது, விமானம் இருக்கிறது. அவரைப் பிடித்துவைக்க விலையை இறக்குகிறார்கள். நடு ஊர்க்காரன் தலையில் ஏற்றுகிறார்கள்.

கோபி_வாத்தியார் (கோபிசெட்டிபாளையம்)
புதன், இரவு 8.20

சந்தேகப்பிராணி சொல்வது புதுப் புகார் இல்லை. நூற்று முப்பது வருடத்துக்கு மேல் பழையது. இதற்காகவே அமெரிக்காவில் சட்டம் போட்டார்கள்.

சிகாகோவிலிருந்து நியூயார்க்குக்குப் பல ரயில் கம்பெனிகள் ஓட்டின. ஏரி, கால்வாய் வழியாகப் படகும் போனது. அதனால் இந்த இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே கூலியை அடித்துப் பிடித்துக் குறைத்தார்கள். வழியில் இருந்த சின்ன ஊருக்கு ஒரே ஒரு தண்டவாளம். அங்கே கோதுமை ஏற்றுகிற விவசாயியிடம் இஷ்டப்பட்டதை வாங்கினார்கள். முழுத் தூரத்துக்கு ஆகிற கூலியை விடப் பாதித் தூரத்துக்கு அதிகம். இரண்டும் ஒரே தண்டவாளம், சில நேரம் ஒரே வண்டியும்கூட. விவசாயிகள் சங்கம் சேர்ந்து கொதித்தார்கள். 1887இல் வந்த மாநிலங்களிடை வணிகச் சட்டத்தின் நான்காம் பிரிவு இதைத்தான் தடுத்தது: ஒரே பாதையில், ஒரே திசையில், நீண்ட பயணத்துக்குள் அடங்குகிற குறுகிய பயணத்துக்கு நீண்டதை விட அதிகம் வாங்கக் கூடாது.

கேட்க நன்றாக இருக்கிறதா? அதில் ஒரு சொல்லைச் செருகியிருந்தார்கள். "ஏறக்குறைய ஒத்த சூழ்நிலையில்" இருந்தால்தான் தடை. அந்த முனையில் போட்டி இருக்கிறது, இந்த முனையில் இல்லை, ஆகவே சூழ்நிலை ஒத்ததல்ல என்று கம்பெனிகள் வாதாடின. 1897இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பிரிவு செத்துப்போன மாதிரிதான். 1910இல் அந்தச் சொற்களை எடுத்த பிறகுதான் உயிர் வந்தது.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்துக்குப் போகிற, துறைமுகத்திலிருந்து வருகிற சரக்குக்குக் கூலியைக் குறைத்து வைத்திருந்தார்கள். உள்நாட்டில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகிற சரக்கு அந்தச் சலுகையைப் பார்த்ததில்லை. பருத்தி வெளியே போவதற்கும் துணி உள்ளே வருவதற்கும் அது தோதான ஏற்பாடு. 1916 முதல் 1918 வரை வேலை செய்த இந்தியத் தொழில் ஆணையமே இதைக் குறையாகச் சொன்னது. கோவை மில்காரர்களின் பேரப்பிள்ளைகள் யாராவது இந்த இழையில் இருந்தால் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்று, பயணிகள் கட்டணத்தில் ரயில்வே அமெரிக்கக் கம்பெனி மாதிரி நடக்கவில்லை. ஒரே வண்டி, ஒரே வகுப்பு, ஒரே மாதிரி டிக்கெட் என்றால் திருப்பூருக்குச் சேலத்தை விட அதிகம் வாங்குவது இல்லை. அதிகபட்சம் சமமாக வாங்குகிறது. கோபம் சரி, அளவோடு இருக்கட்டும்.

லீட்ஸ்காரன் (சொந்த ஊர் பவானி)
வியாழன், அதிகாலை 3.15

இங்கே இன்னும் ராத்திரிதான், தூக்கம் வராமல் படித்தேன். சமமாக வாங்குவதற்கே இவ்வளவு பேச்சு என்றால், நான் இருக்கிற ஊருக்கு வந்தால் என்ன சொல்வீர்களோ.

இங்கிலாந்தில் கிலோமீட்டர் கணக்கு என்பதை எப்போதோ மூட்டை கட்டிவிட்டார்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி விலை. அதிலும் காலை நெரிசல் நேரத்துக்கு ஒன்று, மற்ற நேரத்துக்கு ஒன்று, முன்கூட்டியே வாங்கினால் ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு ஊருக்கு விலையில் மலையும் மடுவும் போல வித்தியாசம் இருக்கும். தூரத்து ஊருக்கு முன்கூட்டியே வாங்கிய டிக்கெட், பக்கத்து ஊருக்கு அன்றைக்கு வாங்குகிற டிக்கெட்டை விட மலிவாகக் கிடைப்பது இங்கே சாதாரணம்.

அதனால் ஜனங்கள் டிக்கெட்டை வெட்டி வாங்கப் பழகிவிட்டார்கள். பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு ஒரே டிக்கெட்டாக வாங்காமல், நடுவில் டிட்காட் என்ற ஸ்டேஷன் வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. இருக்கையை விட்டு எழுந்திருக்க வேண்டியதுகூட இல்லை. வண்டி டிட்காட்டில் நின்றால் போதும், சட்டப்படி செல்லும். இது இங்கே பேர்போன வெட்டு. இதையே தேடிக் கொடுக்கிற இணையதளங்கள் பிழைப்பு நடத்துகின்றன.

இன்னொரு கூத்து. முன்கூட்டியே வாங்கிய மலிவு டிக்கெட்டில் ஒரு ஸ்டேஷன் முன்னதாக இறங்கினால் தப்பு. கூடுதல் காசு கேட்பார்கள். "நான் குறைவாகத்தானே பயணம் செய்தேன்?" என்று நம் ஊர் வாயைத் திறந்தால் நடக்காது. அங்கே இறங்க வேறு விலை, அதுதான் பதில்.

சீசன்டிக்கெட்
வியாழன், காலை 7.10

நம் ஊரில் அந்த வெட்டு வேலை தலைகீழ். கோவை–சேலம் ஒன்று, சேலம்–சென்னை ஒன்று என்று படுக்கை வகுப்பில் வெட்டினால் ரிசர்வேசன் 20 இரண்டு தடவை, சூப்பர்ஃபாஸ்ட் 30 இரண்டு தடவை. 50 ரூபாய் அங்கேயே தண்டம். 160 கிலோமீட்டரை 200 ஆக்கிவிடுவார்கள், அது ஒரு நஷ்டம். தூரத்துச் சலுகையும் போச்சு. லீட்ஸ்காரர் லீவில் வந்தால் இந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வரட்டும்.

கல்லாறு (மேட்டுப்பாளையம்)
வியாழன், காலை 10.30

திருப்பூர் அக்கா, உங்களை விடப் பெரிய கணக்கு என் வாசலில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். மலை ரயிலில் இரண்டாம் வகுப்புக்கே 300 ரூபாய்க்குப் பக்கம். உங்கள் தம்பி சென்னை போன அதே மாதிரி இரண்டாம் வகுப்பு இருக்கைதான், ஏசி கிடையாது. பத்தில் ஒரு பங்குத் தூரம், ஒன்றரை மடங்கு காசு. இங்கே ஆடும் மாடும் இல்லை, ஆடும் ஆடும்தான்.

ஆனால் கல்லாறு தாண்டி வண்டி பல்சக்கரத்தில் ஏறும்போது அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் போட ஓர் ஆள். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 மணி நேரம், வழியில் நின்று தண்ணீர் குடிக்கிறது. அந்த நேரத்தில் ஒரு சாதாரண வண்டி கோவையிலிருந்து சென்னைக்குப் பாதித் தூரத்துக்கு மேல் போய்விடும். எஞ்சின், ஆள், பாதை, எல்லாச் செலவும் மணிக்கணக்கில் ஆகிறது, நாம் கிலோமீட்டரில் அளக்கிறோம். 2018இல் ஏற்றும் வரை டிக்கெட் விலை பாதிக்குப் பாதிகூட இல்லை. அப்போது உள்ளூர்க்காரர்களும் ஏறினார்கள். இப்போது எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால்தான் ஏறுகிறோம், அதுவும் அவர்கள் எடுத்துக் கொடுத்தால்.

டிக்கெட்_கவுண்டர்
வியாழன், காலை 11.00

கல்லாறு சொன்னதோடு சேர்த்து ஒன்று. சில பாதைகளில் கிலோமீட்டரையே ஊதிப் பெரிதாக்கிக் கணக்குப் போடுவார்கள். கொங்கண் ரயில் பாதையில் பயணிகளுக்கு 40 சதவீதம் கூட்டிக் கணக்கு. சுரங்கமும் பாலமுமாகக் கட்டிய கடனை அடைக்க வேண்டாமா? 100 கிலோமீட்டர் போனால் 140 என்று டிக்கெட் சொல்லும். மங்களூர் தாண்டிப் போகிறவர்கள் அச்சுப் பிழை என்று என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

மெர்க்குரிபல்பு (சேலம்)
வியாழன், மாலை 5.45

எல்லோரும் ரயிலைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் சென்னையிலிருந்து சேலத்துக்கு ஆம்னி பஸ் பிடித்திருக்கிறீர்களா? கோவை போகிற வண்டியில் சேலம் என்று ஒரு விலையே இருக்காது. "கோயமுத்தூர் டிக்கெட் எடுங்க, எங்க வேணா இறங்கிக்குங்க" என்றார் புக்கிங்கில் இருந்தவர். எடுத்தேன். விடியற்காலை மூன்றரைக்குப் பைபாஸ் மேம்பாலத்துக்கு அடியில் இறக்கிவிட்டார்கள். ஊருக்குள் வர ஆட்டோ தனி. 160 கிலோமீட்டர் ஓட்டத்தை அவர்களுக்கே தானமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். ரயில்வே குறைந்தபட்சம் ஸ்டேஷனிலாவது இறக்கிவிடுகிறது.

அவிநாசிரோடு (திருப்பூர்)
வியாழன், இரவு 9.25

இந்தக் கோணல் கணக்கை நமக்குச் சாதகமாகத் திருப்பவும் முடியும், கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்தால். திருப்பூரில் பாதிப் பேருக்குத் தெரிந்த வித்தைதான். சென்னைக்குத் திருப்பூரிலிருந்து எடுத்தால் வெயிட்டிங் லிஸ்ட். கோவையிலிருந்து எடுத்தால் இடம் கிடைக்கும், ஏனென்றால் வண்டி கிளம்புகிற ஊருக்குத்தான் ஒதுக்கீடு அதிகம். 50 கிலோமீட்டர் கூடுதலுக்கு ஆகிற காசு அற்பம், தூரத்தில் வீதம் குறைகிறது அல்லவா. ஏறுகிற ஊரைத் திருப்பூர் என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி வரியை மறந்துவிட்டுத்தான் நான் மாட்டினேன். கோவையிலிருந்து எடுத்தேன், மாற்றவில்லை, திருப்பூரில் சாவகாசமாக ஏறினேன். என் படுக்கையில் ஒருவர் போர்த்திக்கொண்டு குறட்டை விடுகிறார். கோவையில் ஆள் வரவில்லை என்று குறித்து, பாதி இருக்கையோடு காத்திருந்த ஆர்ஏசி ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பரிசோதகர் மேல் தப்பே இல்லை, என் மறதி. சென்னை வரை கதவோரத்தில் பையின் மேல் உட்கார்ந்து போனேன். மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

டிக்கெட்_கவுண்டர்
வெள்ளி, காலை 6.15

மாற்றிவிட்டால் அப்புறம் கோவையில் ஏற உரிமை இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்னதாக இறங்குவது மட்டும் நம் ஊரில் தாராளம். சென்னைக்கு எடுத்துச் சேலத்தில் இறங்கினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள், மிச்சக் காசும் வராது.

வழியில் இறங்கித் தங்கிப் போக ஒரு பழைய சலுகை உண்டு. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில் ஒரு தடவை இரண்டு நாள் இறங்கலாம். ஆனால் முதல் 500 கிலோமீட்டருக்குள் இறங்கக் கூடாது. சென்னையிலிருந்து புறப்பட்டால் கோயமுத்தூர் அதற்குள் அடங்கிவிடுகிறது. கேரளா போகிற வழியில் அத்தை வீட்டில் தலை காட்டலாம் என்று இந்தச் சலுகையைக் கேட்டு எத்தனையோ பேர் ஜன்னலுக்கு வருவார்கள். "உங்க அத்தைய பாலக்காட்டுக்குக் குடி போகச் சொல்லுங்க" என்று அனுப்பியிருக்கிறேன்.

சந்தேகப்பிராணி
வெள்ளி, காலை 9.00

எல்லாம் கேட்டேன். செலவு, மிச்சத் துணி, காலி வண்டி, எல்லாம் சரி. என் மனம் ஒன்றில் மட்டும் சமாதானமாகவில்லை. சார்ட் காகிதமாக இருந்த காலத்து விதி, சார்ட் கைக்கு வந்த பிறகும் ஏன் அப்படியே இருக்கிறது? திருப்பூரில் காலியாகிற இருக்கை அடுத்த நிமிடமே தெரிகிறது என்றால், கடைசி நேரத்தில் மிஞ்சிய 50 கிலோமீட்டரை 50 கிலோமீட்டர் விலைக்கே கொடுக்கலாமே. கட்பீஸ் கடை போடச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ரிட்டன்லோடு
வெள்ளி, காலை 9.20

போட்டால் நீ முன்கூட்டியே எடுப்பாயா தம்பி? எல்லோரும் கடைசி நிமிடம் வரை ஜன்னலோரம் நிற்பீர்கள். ரிட்டன் லோடு மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்த வியாபாரி முழு வாடகைக்கு வண்டி பேசுவதே இல்லை. அனுபவித்தவன் நான்.

சந்தேகப்பிராணி
வெள்ளி, காலை 9.26

அண்ணா, அது உங்கள் நஷ்டம். வியாபாரிக்கு லாபம்தானே? நான் வியாபாரி பக்கம்.

நொய்யல்கரை
திங்கள், இரவு 8.45

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கட்பீஸைப் பற்றி டிக்கெட்_கவுண்டர் ஐயா சொன்னதை எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டரிடம் சொன்னேன். "அவரு ரயில்ல இருக்க வேண்டியவரே இல்லீங்க, இங்க வரச் சொல்லுங்க" என்றார்.

இன்று அம்மாவுக்குக் கண் காட்டுகிற நாள். டாக்டர் பார்த்துவிட்டு, நன்றாக ஆறிவிட்டது, எப்போதும் போல் நடமாடலாம் என்றார். மதியம் ஒரு மெமு (மின்சாரப் பாசஞ்சர்) இருந்தது. கூட்டமே இல்லை, பெட்டிக்குப் பத்துப் பேர் இருந்தால் அதிகம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆன காசு, அன்றைக்குக் கட்டிய ஜிஎஸ்டிக்கு எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கும். பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர், சூலூர் ரோடு என்று ஒவ்வொன்றாக நின்று போனது. அம்மா ஜன்னலோரம், கறுப்புக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பெயர்ப் பலகை படித்துக்கொண்டு வந்தார். சோமனூரில் நின்றதும் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டுப் போகலாமா என்றார். இறங்கிவிட்டோம். மாலை வரை பேசிவிட்டு அடுத்த வண்டிக்கு மறுபடி டிக்கெட் எடுத்தேன்.

சீசன்டிக்கெட் அண்ணா, நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரியும். பயணத்தை வெட்டிவிட்டேன், சோமனூருக்கும் திருப்பூருக்கும் நடுவே தனி டிக்கெட், ஆளுக்கு 10 ரூபாய் நஷ்டம்.

டிக்கெட்_கவுண்டர்
திங்கள், இரவு 8.52

போனில் எடுத்தீர்களா, ஜன்னலிலா?

நொய்யல்கரை
திங்கள், இரவு 8.55

ஜன்னலில்தானுங்க. சில்லறை இல்லை என்று அவரும் முறைத்தார்.